பழைய விளைகள், வயல்கள், குடும்பங்கள்: குமரி மாவட்டத்தில் ஊர் வரலாறு எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கிராமங்களில் பழைய விவசாயக் குடும்பங்களின் வரலாற்றைச் சேகரிக்க வருகிறவர்களில் பலர் முதல் நாளிலேயே ஒரே தவறைச் செய்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் "பழைய பிரமாணம் ஏதாவது இருக்கா?" என்று நிலப் பத்திரத்தைக் கேட்டுவிடுகிறார்கள். அத்துடன் பேச்சு நின்றுவிடும். வந்தவர் பங்கு கேட்க வந்தாரா, வழக்குப் போட வந்தாரா என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு வந்துவிடும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கேட்டேன். இரண்டு வீடுகள் எனக்கு மறுபடி திறக்கவே இல்லை.

இந்த வேலையில் வரிசை முக்கியம். நிலம் முதலில், வாய்ப்பேச்சு இரண்டாவது, காகிதம் மூன்றாவது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. ஒரு ஏலாவை மட்டும் எடுங்கள்

"எங்கள் ஊர் வரலாறு" என்று தொடங்கினால் முடியாது. ஒரு ஏலா, அதாவது சேர்ந்து கிடக்கும் ஒரு வயல்வெளி, அதைச் சுற்றியுள்ள விளைகள், அவற்றில் உழுது பிழைத்த குடும்பங்கள், இவ்வளவு போதும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமானால் ஏலா என்பதற்குப் பதில் ஒரு பற்று.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்களின் கதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கலாம். ஊரின் நாலு மூலையிலிருந்து நாலு குடும்பத்தை எடுத்தால் அந்தச் சரிபார்ப்புக்கு வழியே இல்லை.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பெரிய நோட்டு, பென்சில், ஒலிப்பதிவு வசதியுள்ள கைபேசி, அளவுக்கு ஒரு ஸ்கேல், விரிக்க ஒரு வெள்ளைத் துணி. பேனா வேண்டாம். பழைய காகிதத்தின் பக்கத்தில் மை கசிந்தால் அதைத் திருத்த வழி கிடையாது.

அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்த ஏலாவின் சர்வே எண்களுக்கு அ-பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (எல்லைகளைக் காட்டும் படம்) முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். புலப்படம் கையில் இருந்தால் எந்த வரப்பில் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அதை யார் முன்னாலும் விரிக்காதீர்கள். அளக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.

மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்குப் பிடித்து வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலூகாக்கள் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தவை. அரசுக் காகிதம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். நாஞ்சில்நாட்டுப் பக்கம், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம், தமிழ் ஆவணங்களும் நிறையக் கிடைக்கும்.

3. முதலில் நிலத்தை நடந்து பாருங்கள்

காலையில், வேலை செய்கிறவர்கள் இருக்கும் நேரத்தில் ஏலாவை ஒரு சுற்று நடங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். யாருடையது என்று கேட்க வேண்டாம். பெயரைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

விளை, விளாகம், கோணம், பொற்றை, குழி, தோப்பு என்று முடியும் பெயர்கள் வரும். விளை என்றால் மேட்டு நிலம், தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) மாவும் நிற்பது. பொற்றை என்றால் பாறை ஓடிய மேடு. பெயரின் முன்பாதியில் பெரும்பாலும் ஒரு ஆளோ தொழிலோ மரமோ தெய்வமோ இருக்கும். கொல்லன்விளை என்ற இடத்தில் இன்று ரப்பர் நிற்கலாம். ஆனால் அங்கே ஒரு உலை இருந்ததா என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

பெயரை அவர்கள் உச்சரிப்பது போலவே எழுதுங்கள். "சரியான தமிழில்" திருத்தி எழுதினால் பின்னால் பழைய ஆவணத்தில் அதே பெயர் வரும்போது அடையாளம் தெரியாமல் போகும்.

நடக்கும்போது மடைகள், குளத்துக் கரை, களம், கிணறு, காவு (தெய்வத்துக்கு விட்ட மரக்கூட்டம்), இசக்கியம்மன் அல்லது மாடன் பீடம், கல்லறை எல்லாவற்றையும் குறியுங்கள். கிணற்றுச் சுவரிலும் பழைய வீட்டின் நிலைப்படிக்கு மேலேயும் ஆண்டு வெட்டியிருந்தால் படம் எடுங்கள். மூன்று இலக்கமோ நான்கு இலக்கமோ, அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக இருக்கும். அதை எப்படி மாற்றுவது என்பது 5-ஆம் பகுதியில் இருக்கிறது.

4. பெரியவர்களிடம் பேசும் முறை

இரண்டாம் முறை போகும்போதுதான் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் முறை முகம் பழகினால் போதும்.

ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு வருவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு வீட்டில் பாட்டாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். வரி, வழக்கு, எல்லை, அவ்வளவுதான் வந்தது. பின்கட்டில் ஆச்சி மரச்சீனி சீவிக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன மக்கா தெரியும், அவியகிட்ட கேளு" என்றார். நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டியைக் காட்டி, "இந்தப் பத்தாயம் எப்ப வந்தது ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே, பத்தாயம் எந்த மரத்தில் செய்தது, அந்த அயனி மரம் எந்த விளையில் நின்றது, அதை வெட்டிய வருஷம் எந்தக் கல்யாணம், பெண் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று அரை மணி நேரத்தில் மூன்று தலைமுறையைச் சொல்லி முடித்துவிட்டார்.

கேள்வி பொருளில் தொடங்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். "உங்கள் குடும்ப வரலாறு என்ன?" என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பத்தாயம், ஏர், பனையேறும் அருவாள், அக்கானி (பதநீர்) காய்ச்சிய அடுப்பு, வைக்கோல் படப்பு போட்ட இடம் இவற்றைக் கேட்டால் ஆட்கள் தாமாக உள்ளே வருவார்கள்.

வருஷம் கேட்டால் பலருக்கும் சொல்ல வராது. நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். 1936-இல் கோயில் பிரவேச விளம்பரம் வந்ததற்கு முன்னா பின்னா, 1942-க்குப் பிறகு பர்மா அரிசி வராமல் மரச்சீனி தின்று கிடந்த காலமா, தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகா, ரயில் வந்த 1979-க்கு முன்னாலா என்று இரண்டு பக்கமும் கட்டை நடுங்கள். "காமராசர் இங்கே நின்ற வருஷம்" என்று ஒருவர் சொன்னால் விடாதீர்கள். நாகர்கோவிலில் அவர் 1969-இல் இடைத்தேர்தலிலும் 1971-இல் பொதுத்தேர்தலிலும் நின்றார். எந்த முறை என்று கேட்டால்தான் ஆண்டு கிடைக்கும்.

மாதத்துக்கு அறுவடை இருக்கிறது. கன்னிப்பூ அறுப்பு என்றால் புரட்டாசியை ஒட்டி, கும்பப்பூ என்றால் மாசியை ஒட்டி. "கும்பப்பூ நெல்லு வீட்டுக்கு வந்தபோ அப்பா இறந்தாவ" என்று ஒருவர் சொல்வது ஏறக்குறைய ஒரு தேதிதான்.

ஒலிப்பதிவுக்கு முன் கேட்டு அனுமதி வாங்குங்கள். வழக்கு, பங்குச் சண்டை பற்றிப் பேச்சு வந்தால் கைபேசியை எடுத்து அணைத்துவிடுங்கள். அணைப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் எனக்கு உண்மையான பேச்சே தொடங்கியது.

5. கொல்லம் ஆண்டை மாற்றும் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் பின்னால் திரும்பி வந்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். அந்த ஆண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்கத்தில், தொடங்குகிறது.

ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள். மார்கழிப் பின்பாதி முதல் ஆடி முடியும் வரை 825 கூட்டுங்கள். கோயில் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27. துலாம் என்பது ஐப்பசி, ஆகவே 824 கூட்டினால் 1936. 1087 மாசி என்று இருந்தால் 825 கூட்டி 1912.

எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுவது வழக்கமான பிழை. ஒரு தம்பி அப்படிக் கூட்டியதில், கார்த்திகையில் எழுதிய ஒற்றியை, அதை எழுதிக்கொடுத்தவர் இறந்து பத்து மாதம் கழித்துக் கையெழுத்திட்டது போல வந்துவிட்டது. கள்ளப் பத்திரம் என்றே அவர் எழுதப் போனார். ஒரு குடும்பத்தின் பெயர் கெட்டிருக்கும்.

மலையாள மாதங்களுக்கு ராசியின் பெயர்தான். சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூல ஆண்டையும் மாதத்தையும் அப்படியே குறித்து, மாற்றிய ஆண்டை அடுத்து எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதினால் பிழையைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

6. வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதம்

இப்போதுதான் ஆவணம். அநேகமாக நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது. மூன்றாம், நான்காம் முறை போகும்போது அவர்களே ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைப்பார்கள்.

பெட்டியில் உள்ளதை இருக்கும் வரிசையில் முதலில் ஒரு படம் எடுங்கள். எந்தக் காகிதத்தோடு எது சேர்த்துக் கட்டியிருந்தது என்பதே ஒரு தகவல். முன்பிரமாணம் (முந்தைய பத்திரங்கள்) என்று ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கட்டைப் பிரித்துக் கலைத்துவிட்டால் நிலம் கைமாறிய வரிசை போய்விடும்.

மடித்த முத்திரைத்தாளை வெயிலில் விரிக்காதீர்கள். திண்ணை நிழலில் வெள்ளைத் துணி மேல் வைத்து, மடிப்பு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு மட்டும் திறங்கள். மடிப்பில் நூல் போல ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் எல்லை விவரம் இருக்கும், அவசரத்தில் கிழிவதும் அங்கேதான். கிழிந்ததை செலோடேப் ஒட்டிச் சரிசெய்ய வேண்டாம். அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

ஓலை கிடைத்தால் எண்ணெய், மஞ்சள், கரி எதையும் தேய்க்காதீர்கள். கைபேசி விளக்கை ஓலைக்குப் பக்கவாட்டில், மிகச் சாய்வாகப் பிடியுங்கள். எழுத்தாணிக் கீறலில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். நேர் வெளிச்சத்தில் வெறும் ஓலையாகத் தெரிந்தது சாய்வு வெளிச்சத்தில் வரிவரியாக எழுந்து வரும். சில ஓலைகள் தமிழாகவும் மலையாளமாகவும் தோன்றாது. அது மலையாண்மை என்ற பழைய எழுத்தாக இருக்கலாம். ஊகித்துப் படிக்காமல் தெரிந்தவரிடம் படத்தைக் காட்டுங்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அன்று கவிமணி கவனித்துப் படித்ததால்தான் நாஞ்சில்நாட்டைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. உங்கள் ஊர்ப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கலாம்.

ஆவணத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது என்ன வகை என்பது. விலையாதாரம் என்றால் விற்பனை. ஒற்றி என்றால் பணம் வாங்கி நிலத்தை அனுபவத்துக்குக் கொடுத்தது. நிலம் கைமாறிவிட்டதாக அவசரப்பட்டு எழுதக் கூடாது, பல ஒற்றிகள் பின்னால் மீட்கப்பட்டிருக்கின்றன. பாக உடம்படி, அதாவது பாகப்பிரிவினைப் பத்திரம், கிடைத்தால் அதுதான் புதையல். குடும்பத்தில் அன்று உயிரோடு இருந்த பங்காளிகள் எல்லார் பெயரும் உறவுமுறையோடு அதில் இருக்கும். ஒழிமுறி என்றால் உரிமையை விட்டுக் கொடுத்த எழுத்து.

பிறகு நிலத்தின் வகை. பண்டாரவகை அரசு நிலம், ஸ்ரீபண்டாரவகை பத்மநாபசுவாமி கோயிலுக்குரியது, விருத்தி என்பது அரசுக்கோ கோயிலுக்கோ ஊழியம் செய்ததற்காக விட்ட நிலம். 1865-இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரத்துக்குப் பிறகுதான் பண்டாரப்பாட்டக் குடியானவர்களுக்கு, அதாவது அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு, விற்கவும் ஒற்றி வைக்கவும் முழு உரிமை வந்தது. அதற்கு முந்தைய காகிதத்தில் ஒரு குடும்பம் பாட்டக்காரராக இருந்தால் அதை "சொந்த நிலம்" என்று எழுதிவிடாதீர்கள். ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் ரயத்துவாரி (உழவர் அரசுக்கு நேராக வரி கட்டும் முறை) ஆனது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

பணமும் அளவும் அன்றைய கணக்கில் இருக்கும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். வயலின் அளவு இத்தனை கோட்டை விதைப்பாடு, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று வரும். இது விதையளவால் சொன்ன பரப்பு, மண்ணுக்கு மண் மாறும். ஏக்கராக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். இன்றைய பட்டாவிலுள்ள ஹெக்டேருக்கு மட்டும் ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட் என்று கணக்குப் போடலாம்.

7. அலுவலகமும் ஆவணக் காப்பகமும்

வீட்டுக் காகிதம் எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் இங்கே போக வேண்டும். கேள்வி இல்லாமல் போனால் ஒரு நாள் வீணாகும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில், உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்கு இப்புறம்தான் கிடைக்கும். அதற்கு முன்னதுக்கு மனுக் கொடுத்துத் தேட வேண்டும். பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். அந்த எண் பழைய ஆவணத்தின் பின்பக்கத்தில் சிறு முத்திரையாக இருக்கும், படம் எடுக்கும்போது பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் நகராதீர்கள். திருவிதாங்கூர்க் காலத்து எண்கள் பகுதி வாரியானவை, ஆயிரக்கணக்கில் போகும். பகுதி என்பது அன்றைய வருவாய்க் கிராமம், அதன் அலுவலர் பார்வத்தியக்காரர். அந்தப் பகுதிப் பெயரும் இன்றைய கிராமப் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. திருவட்டாறு, கிள்ளியூர் தாலூகாக்கள் பின்னால் பிரிந்தவை. ஆகவே பழைய காகிதத்தில் கல்குளம் அல்லது விளவங்கோடு என்றே இருக்கும்.

மிகப் பழைய கணக்குகளுக்குத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச் சுருணைகளும் (ஓலைக் கட்டுகள்) கேரள ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

கிறிஸ்தவக் குடும்பமானால் ஆலயத்துக்குப் போய் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளைக் கேளுங்கள். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் ஆலயம் கட்டிய காலம் தொட்டு இந்தப் பக்கத்தில் சபைகள் வளர்ந்திருக்கின்றன. நிலம் இல்லாதவர் பெயரும் அந்தப் பதிவேட்டில் உண்டு.

8. கொடிவழி வரைதல்

இங்கே ஒரு சொல் எல்லாரையும் தள்ளாட வைக்கிறது: அனந்திரவன். ஒருவர் பெயருக்குப் பின் "அனந்திரவன்" என்று இன்னொரு பெயர் வந்தால் அது மகன் அல்ல. மருமக்கள் வழியில் உரிமை பெறும் மருமகன், அதாவது சகோதரியின் வழி வந்தவர். மகன் என்று வரைந்தால் மரபு முழுவதும் பக்கம் மாறிவிடும்.

நாயர்களிடமும் நாஞ்சில்நாட்டு வேளாளரிடமும் அந்த வழி இருந்தது. 1925-இல் நாயர் சட்டமும் 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்த பிறகு பாகம் பிரிப்பது பெருகியது. அந்தச் சில ஆண்டுகளில் ஒரு பெரிய வீட்டுக்கு ஏன் திடீரென்று பத்துப் பதினைந்து உடம்படிகள் கிடக்கின்றன என்று குழம்ப வேண்டாம். மற்ற சமூகங்களில் பெரும்பாலும் மக்கள் வழி, அதாவது தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு. எந்த வழி என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பி வரும். பெயரோடு வீட்டுப் பெயரையும் முதல் ஆவணத்தின் ஆண்டையும் சேர்த்து எழுதினால் இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள்.

கிளைகளைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, குடும்பக் கோயிலின் கொடை வரி நோட்டு. எந்தெந்த வீட்டுக்கு வரி போட்டார்கள் என்ற பட்டியலில், ஊரைவிட்டுப் போய் ஐம்பது வருஷமான கிளைகூட இருக்கும். ஒரு மாடன் கோயில் நோட்டில், மலையில் எஸ்டேட் வேலைக்குப் போனதாக எல்லாரும் மறந்துவிட்ட ஒரு கிளையின் பெயர் ஒவ்வொரு வருஷமும் "பாக்கி" என்று எழுதப்பட்டிருந்தது. வராவிட்டாலும் பெயரை வெட்டவில்லை.

9. ஆவணத்தில் பெயர் இல்லாத குடும்பங்கள்

பிரமாணத்தை மட்டும் நம்பினால் உங்கள் நூலில் உடையவர்கள் மட்டுமே இருப்பார்கள். உழுதவர், நாற்று நட்டவர், பனையேறியவர், மடை பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். இது அரை வரலாறு என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் படியை விட்டுவிட்டு எழுதியதை நான் ஏற்பதில்லை.

திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுதாக நீக்கப்பட்டது 1855-இல். அதற்கு முந்தைய ஓலைகளில் நிலத்தோடு ஆட்களையும் சேர்த்து எழுதியது உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் மறைக்காதீர்கள். ஆனால் இன்று வாழும் எந்தக் குடும்பத்தையும் அதோடு இணைத்து எழுதாதீர்கள், அந்தக் குடும்பமே கேட்டாலொழிய.

இவர்களின் சான்று வேறு இடங்களில் இருக்கிறது: விளைப் பெயர்களில், ஆலயப் பதிவேட்டில், வீட்டுக்காரர் எழுதிய நெல் கணக்கு நோட்டில், பீடங்களின் பெயரில், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் வீட்டுப் பேச்சில். அவர்கள் வீட்டுக்கு உடையவரின் பேரனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் முன்னால் பேச்சு வராது. தனியாகப் போய், எல்லாருக்கும் கொடுக்கும் அதே மரியாதையோடு, அதே பாட்டா ஆச்சி என்ற அழைப்போடு உட்காருங்கள்.

10. எழுதும்போது

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிலம் காட்டுவது, ஆட்கள் சொல்வது, காகிதம் சொல்வது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றும் மோதினால் மூன்றையும் அப்படியே விடுங்கள். குளத்தைத் தன் பாட்டன் வெட்டினார் என்று ஒரு வீடு சொல்லும். காகிதத்தில் அது அதற்கு முன்பே இருக்கும். தூர் வாரியதை வெட்டியதாகச் சொல்லிவந்திருக்கலாம். தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் வைத்தால் பின்னால் மூன்றாவது ஒருவர் வந்து அவிழ்ப்பார்.

உயிரோடிருப்பவர்களின் சொத்து விவரம், சர்வே எண், நடக்கும் வழக்கு எதையும் அச்சில் போடாதீர்கள். வீட்டுப் பெயரும் விளைப் பெயரும் போதும்.

அச்சுக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பகுதியைக் கொண்டுபோய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கொடுத்துவிட்டு வந்தால் படிக்க மாட்டார்கள். வாசித்தால் நடுவில் நிறுத்தி, "அது அவரு இல்ல மக்கா, அவருக்க தம்பி" என்பார்கள். அதற்காகப் பென்சிலோடு போங்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, முக்கியமான ஆவணங்களைத் தாளில் அச்செடுத்து, அந்தந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஏலாவுக்கு நீங்கள் போகும் முன்பே அந்தச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.